மேடையை உடைக்க விடுவதற்கு முன்

குரோம்பேட்டையில் எங்கள் அடுக்குமாடி வீட்டுக்கு இருபத்தெட்டு வயது. சமையலறையில் கடப்பைக்கல் மேடை, கதவில்லாத சிமெண்ட் அலமாரி, எத்தனை மருந்தடித்தாலும் திரும்பி வரும் கரப்பான்கள். கிரானைட் மேடையும் பிளைவுட் அலமாரியும் போட்டுவிடலாம் என்று சென்ற மே மாதம் முடிவெடுத்தோம். இருபது நாளில் முடிய வேண்டிய வேலை பதினோரு வாரம் நீண்டது. அத்தனை வாரமும் படுக்கையறையில் இண்டக்‌ஷன் அடுப்பை வைத்துச் சமைத்தேன். தலையணை உறையில் இன்னும் சாம்பார் வாசம் போகவில்லை.

ஒப்பந்தக்காரர் பழகுவதற்கு இனிமையானவர். "நம் வீட்டு வேலை அக்கா, கவலையை விடுங்கள்" என்றார். அலமாரிக்குச் சதுர அடிக்கு 1,450 ரூபாய். 'ட' வடிவ மேடைக்குக் கீழே 14 அடி நீளத்துக்கு இரண்டே முக்கால் அடி உயரம், மேலே 10 அடிக்கு 2 அடி. கூட்டினால் 58.5 சதுர அடி, ஏறக்குறைய 85,000 ரூபாய். முன்பணம் 35,000 கொடுத்தோம். மறுநாள் காலை ஏழு மணிக்கே இரண்டு பேர் சம்மட்டியோடு வந்து நின்றார்கள். என்ன சுறுசுறுப்பு என்று நானே காபி போட்டுக் கொடுத்தேன்.

அந்தச் சுறுசுறுப்புக்குக் காரணம் பிறகுதான் புரிந்தது. மேடை இருக்கும்வரை வேண்டாம் என்று சொல்ல நமக்கு வழி உண்டு. அது உடைந்த பிறகு, சமையலறை இல்லாத வீட்டில் இருந்துகொண்டு யாரிடம் பேரம் பேசுவது? மூன்றாம் நாள் ஆட்கள் வரவில்லை. ஐந்தாம் நாள், மரம் எடுக்கப் பணம் வேண்டும் என்று 40,000 கேட்டார். தன் கணக்கில் ஏதோ சிக்கலாம், மைத்துனர் எண்ணுக்கு அனுப்பச் சொன்னார். அனுப்பினேன். பில் கேட்டபோது, "பில் போட்டால் 18 சதவீதம் ஜிஎஸ்டி கூடும், உங்களுக்கு ஏன் வீண் செலவு?" என்றார். மிச்சம் என்று நினைத்துத் தலையாட்டியது என் பிழை.

அடுத்தது அளவு. வேலை பாதியில் இருக்கும்போது ஒரு துண்டுத்தாளை நீட்டினார்: 97 சதுர அடி, 1,40,650 ரூபாய். முன்முகத்தை மட்டும் அளப்பதாகத்தான் நாங்கள் நினைத்திருந்தோம். அவரோ உள்தட்டு, பக்கப்பலகை எல்லாவற்றையும் தனித்தனியாக அளந்திருந்தார். இரண்டு விதமாகவும் அளப்பவர்கள் இருக்கிறார்கள். எந்த விதம் என்பதை முதல் நாளே எழுதி வாங்கியிருந்தால் 55,825 ரூபாய்க்கு வாய்ச்சண்டை வந்திருக்காது. கடைசியில் இன்னும் 15,000 கொடுத்து, மீதியைத் தர முடியாது என்று சொல்லிவிட்டோம். டிராயர் ஓடும் சேனல்களைப் பொருத்தாமலேயே போய்விட்டார்.

இவ்வளவோடு நின்றிருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். அக்டோபரில் சிங்க்குக்குக் கீழே உள்ள கதவு உப்பத் தொடங்கியது. முதலில் மூட மறுத்தது, பிறகு ஓரத்து மைக்கா வாய் பிளந்தது. வேறொரு தச்சரை அழைத்துக் காட்டினேன். விரல் நகத்தால் சுரண்டிப் பார்த்தவர், "இது 710 இல்லை அம்மா, சாதாரண கமர்ஷியல் பலகை" என்றார். எங்களிடம் மாதிரிக்குக் காட்டிய துண்டில் ஐஎஸ் 710 என்ற இந்தியத் தர எண் முத்திரை இருந்தது உண்மைதான். அது தண்ணீர் தாங்கும் மரைன் பிளைவுட். அதற்கான தரச் சோதனையில் பலகை 72 மணி நேரம் கொதிநீரில் கிடந்தும் பிரியக் கூடாது. பரணில் கிடந்த எங்கள் மிச்சத் துண்டை நான் நான்கு மணி நேரம் கொதிக்க வைத்தேன். பரோட்டா மாதிரி அடுக்கடுக்காகப் பிரிந்து வந்தது.

இரண்டு பக்கமும் மைக்கா ஒட்டிய பிறகு உள்ளே இருப்பது எந்தப் பலகை என்று பிரம்மாவாலும் சொல்ல முடியாது. அதனால் வெட்டுவதற்கு முன்பே, முழுப் பலகையாக உங்கள் வீட்டு வாசலில் இறங்கும்போதே பாருங்கள். ஐஎஸ்ஐ முத்திரைக்கு மேலே ஐஎஸ் எண்ணும், கீழே சிஎம்/எல் என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்கும். அந்த உரிம எண்ணை இந்தியத் தர நிர்ணய அமைப்பின் 'பிஐஎஸ் கேர்' செயலியில் போட்டால் யாருடைய உரிமம் என்று தெரிந்துவிடும். பலகை, கிரானைட், கீல், சேனல் எல்லாம் கூடத்தில் வந்து இறங்கும்வரை சம்மட்டியை வாசலுக்கு உள்ளே விடாதீர்கள்.

1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் பேசினேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் நாம் வசிக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம். இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் கட்டணமும் இல்லை. ஆனால் என் கையில் இருப்பது ஒரு துண்டுத்தாள், சில வாட்ஸ்அப் செய்திகள், நான் பார்த்தே இராத ஒரு மைத்துனரின் பெயருக்கு அனுப்பிய 40,000 ரூபாய். இவற்றை வைத்துத்தான் மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். உப்பிய கதவைக் கழற்றி, மழை படாமல் பாலிதீன் சுற்றி, மொட்டைமாடி அறையில் வைத்திருக்கிறேன். பழைய பேப்பர்காரர் இரண்டு முறை கேட்டுவிட்டார், கொடுக்கவில்லை.