கம்பெனி தள்ளுபடியை நிறுத்திய பிறகு: என் செல்போன் பில்லின் கதை

வேலை பார்க்கும் கம்பெனியின் பெயரைச் சொல்லி செல்போன் பில்லில் தள்ளுபடி வாங்குவது அமெரிக்காவில் ரொம்ப நாளாக இருக்கிற வழக்கம். ஆபீஸ் மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்தால் சரிபார்க்க ஒரு லிங்க் வரும். அது இல்லாதவர்கள் பே ஸ்டப்பை, அதாவது சம்பளச் சீட்டைப் பதிவேற்றுவார்கள். அடுத்த பில்லிலோ அதற்கடுத்த பில்லிலோ தள்ளுபடி ஏறிவிடும். பெரிய கம்பெனி, பல்கலைக்கழகம், மருத்துவமனை, அரசு அலுவலகம் என்று வேலை செய்யும் இடத்தைப் பொறுத்துச் சதவீதம் மாறும். நான் வேலைக்குச் சேர்ந்தபோது எச்.ஆர். கொடுத்த சலுகைப் பட்டியலில் உடல்நலக் காப்பீடு, 401கே என்ற ஓய்வுக்காலச் சேமிப்பு எல்லாம் முடிந்த பிறகு கடைசிப் பக்கத்தில் இது இருந்தது. அதைப் பார்த்துத்தான் இந்த நெட்வொர்க்குக்கு மாறினேன். வருடக்கணக்கில் அங்கேயே இருந்தேன். அந்தத் தள்ளுபடியை அவர்கள் நிறுத்திய பிறகு நான் பார்த்ததையும், என்னைச் சுற்றியிருப்பவர்கள் என்ன செய்தார்கள் என்பதையும் எழுதுகிறேன்.

சேவையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். சிக்னலில் எனக்குப் பெரிய குறை இல்லை. நெடுஞ்சாலையில் நீண்ட தூரம் போகும்போது அங்கங்கே விட்டுப்போகும், அது எல்லா நெட்வொர்க்கிலும் உண்டு. ஊரிலிருந்து அப்பா அம்மா வந்து தங்கும்போது அவர்களுக்கு ஒரு லைன் சேர்ப்பதும், அவர்கள் கிளம்பியதும் எடுப்பதும் சுலபமாகவே நடந்தது. தள்ளுபடி விஷயம் வராமல் இருந்திருந்தால் நான் இந்நேரம் நல்ல வார்த்தை மட்டும்தான் எழுதியிருப்பேன்.

தள்ளுபடி என்றதும் மொத்த பில்லிலும் குறையும் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படியில்லை. திட்டத்தின் மாதக் கட்டணத்தில் மட்டும்தான் குறையும். போனுக்கான தவணை, இன்சூரன்ஸ், வரி, நிர்வாகக் கட்டணம் என்று அவர்களே போட்டுக்கொள்ளும் தொகை, இவற்றில் எதுவும் குறையாது. சில நெட்வொர்க்குகளில் முதல் லைனுக்கு மட்டும்தான் கிடைக்கும். அன்லிமிடெட் திட்டங்கள் வந்த பிறகு, குறிப்பிட்ட திட்டத்தில் இருந்தால்தான் உண்டு என்றும் சுருக்கினார்கள். வருடத்துக்கு ஒருமுறை 'நீங்கள் இன்னும் அதே கம்பெனியில்தான் இருக்கிறீர்களா' என்று சரிபார்ப்பு வரும். அந்த மின்னஞ்சலைக் கவனிக்காமல் விட்டால் சத்தமில்லாமல் கழன்றுவிடும். இதையெல்லாம் தெரிந்துகொண்டு, அதற்குத் தகுந்த திட்டத்தில்தான் நாங்கள் இருந்தோம். மாதத் திட்டக் கட்டணம் 200 டாலர், அதில் 15 சதவீதம், 30 டாலர். வருடத்துக்கு 360 டாலர் என்பது ஒரு குடும்பத்துக்குச் சின்னத் தொகை இல்லை.

நாங்கள் என்று சொன்னேன். நம்மவர்களுக்கு இது விளக்க வேண்டியதே இல்லை. நண்பர்கள், ரூம்மேட்டுகள், புதிதாக வந்த தம்பிகள் எல்லாரும் சேர்ந்து ஒரே ஃபேமிலி பிளானில் இருப்போம். லைன் கூடக் கூட ஆளுக்கான பங்கு குறையும். யாருடைய கம்பெனிக்குத் தள்ளுபடி அதிகமோ அவர் பெயரில் அக்கவுண்ட். மாதம் பிறந்ததும் மற்றவர்கள் ஜெல் (Zelle) என்ற பணம் அனுப்பும் சேவையில் பணம் அனுப்பிவிடுவார்கள். எங்கள் பிளானுக்கு நான்தான் ஓனர். அதனால் அந்தக் குறுஞ்செய்தி வந்தது எனக்கு மட்டும்தான். 'உங்கள் அக்கவுண்டில் உள்ள பணியாளர் தள்ளுபடி அடுத்த பில் சுற்றிலிருந்து பொருந்தாது. புதிய சலுகைகளைப் பார்க்க இங்கே தட்டவும்.' அவ்வளவுதான். காரணம் இல்லை, எவ்வளவு ஏறும் என்ற கணக்கு இல்லை. தட்டினால் வந்தது புது போன் விற்கிற பக்கம்.

குரூப்பில் போட்டதும் முதல் பதில் எம்.எஸ். படிக்கும் தம்பியிடமிருந்து: "அண்ணா, என் பங்கு எவ்வளவு ஏறும்?" ஐந்து பேருக்குப் பிரித்தால் ஆறு டாலர் என்று சொன்னேன். ஐந்து நிமிடம் பதிலே இல்லை. பிறகு "சரிண்ணா" என்று மட்டும் அனுப்பினான். கேம்பஸ் வேலையில் வாரத்துக்கு இருபது மணி நேரத்துக்கு மேல் செய்ய அனுமதி இல்லாத மாணவனுக்கு ஒவ்வொரு டாலரும் எண்ணி வைத்த டாலர். எனக்கு அந்த "சரிண்ணா"தான் ரொம்ப நேரம் மனதில் நின்றது.

ஆபீசிலும் சாப்பாட்டு நேரத்தில் இதே பேச்சுதான். சிலருக்குக் கோபம், சிலருக்கு அலுப்பு. ஓய்வுபெறப் போகும் ஒரு மூத்த சகா, இருபது வருடத்துக்கு மேல் அதே நெட்வொர்க்கில் இருப்பவர், எதுவும் பேசாமல் அன்றைக்கே போனை எடுத்து எண்ணை வேறு நெட்வொர்க்குக்கு மாற்றும் வழியைத் தேட ஆரம்பித்துவிட்டார். செவிலியராக இருக்கும் தோழி ஒருவர் வேறு வழி பிடித்தார். ராணுவத்தினர், தீயணைப்பு வீரர்கள், செவிலியர், ஆசிரியர் என்று தொழிலை வைத்துத் தரும் சலுகை சில நெட்வொர்க்குகளில் தனியாக இருக்கிறது. அதற்கு உரிமச் சான்றைக் கொடுத்து மாறிக்கொண்டார். அவருக்குக் கணக்குப் பார்த்தால் முன்பைவிடக் குறைவாகவே வருகிறது. நர்ஸ், டீச்சர் வேலையில் வீட்டில் யாராவது இருந்தால் முதலில் இதைப் பாருங்கள். அக்கவுண்ட் அவர் பெயரில் இருக்க வேண்டும் என்பதுதான் முக்கியமான நிபந்தனை.

வேறு மாதிரி பேசியவரும் உண்டு. சொந்தமாகச் சின்னக் கடை வைத்திருக்கும் நண்பர் சொன்னார்: "உங்களுக்கு நின்றுபோனது எனக்கு என்றைக்குமே கிடைத்ததில்லை. பெரிய கம்பெனியில் இருக்கிறீர்கள் என்பதற்காக உங்களுக்கு ஒரு விலை, எனக்கு ஒரு விலை. அது மட்டும் நியாயமா?" அதில் நியாயம் இருக்கிறது, மறுக்க மாட்டேன். நெட்வொர்க்குகளும் இதே வாதத்தைத்தான் முன்வைக்கின்றன. 2014-ல் டி-மொபைல் என்ற பெரிய நெட்வொர்க் இப்படித்தான் செய்தது. ஏப்ரல் 1 முதல் பணியாளர் தள்ளுபடி கிடையாது, எல்லாருக்கும் ஒரே எளிய விலை, வேண்டுமானால் புது போன் வாங்கும்போது 25 டாலர் மதிப்புள்ள கார்டு தருகிறோம் என்று அறிவித்தது. வாடிக்கையாளர்கள் கொதித்துப்போனார்கள். அப்போது தலைமைச் செயல் அதிகாரியாக இருந்த ஜான் லெஜர் கடைசியில் இறங்கி வந்து, ஏற்கெனவே தள்ளுபடி வாங்குகிறவர்களுக்கு அது தொடரும் என்று சொல்ல வேண்டியதாயிற்று. எனக்கு இதுதான் சரியான வழியாகத் தெரிகிறது. புதிதாக வருகிறவர்களுக்கு எந்த விலையும் வைக்கட்டும். அவர்கள் அந்த விலையைப் பார்த்து வரலாம், வராமலும் போகலாம். ஒரு விலையைச் சொல்லிக் கூப்பிட்டு உட்கார வைத்தவர்களிடம் பாதி வழியில் அதை மாற்றக் கூடாது.

உட்கார வைத்தவர்கள் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இந்த அனுபவத்தில் என்னை உண்மையிலேயே வருத்தியது அந்த 30 டாலர் இல்லை, போன் தவணைதான். 2013-ல் டி-மொபைல் இரண்டு வருட ஒப்பந்தத்தை ஒழித்தது, மற்றவர்களும் மெல்ல மெல்லப் பின்தொடர்ந்தார்கள். இனி யாரும் யாரையும் கட்டிப்போட முடியாது என்று அப்போது எல்லாருக்கும் சந்தோஷம். அந்த இடத்துக்கு வந்ததுதான் பில் கிரெடிட். 800 டாலர் தள்ளுபடியில் போன் தருகிறேன் என்பார்கள். ஆனால் அந்த 800 ஒரே நாளில் கழிக்கப்படாது. 36 மாதமாகப் பிரித்து, மாதம் 22.22 டாலராக பில்லில் வரவு வைப்பார்கள். ஒரு வருடம் கழித்து வெளியே போனால் மீதி 24 மாதத்துக் கிரெடிட், கிட்டத்தட்ட 533 டாலர், போயே போய்விடும். போனின் மீதித் தவணையையும் ஒரேயடியாகக் கட்ட வேண்டும்.

எங்கள் பிளானில் மூன்று பேர் ஒரு வருடம் முன்பு அப்படிப் போன் எடுத்திருந்தோம். தள்ளுபடி நின்றதால் மீதி இரண்டு வருடத்தில் எங்களுக்கு நஷ்டம் 720 டாலர். கோபித்துக்கொண்டு எல்லாரும் வெளியே போனால் நஷ்டம் 1,600 டாலர். இருந்தாலும் நஷ்டம், போனால் அதைவிட நஷ்டம். போகமாட்டார்கள் என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும். வாடிக்கையாளர் 36 மாதத்துக்கு வாக்குக் கொடுக்க வேண்டும், நிறுவனம் மட்டும் அடுத்த மாதமே விலையை மாற்றிக்கொள்ளலாம் என்றால் அது எந்த ஊர் ஒப்பந்தம்? பணியாளர் தள்ளுபடியை எந்த நேரத்திலும் நிறுத்தலாம் என்று பொடி எழுத்தில் போட்டிருக்கிறது என்பது எனக்கும் தெரியும். சட்டப்படி அவர்கள் பக்கம் சரியாகவே இருக்கலாம். போன் விற்கும்போது கடையில் இருந்தவர், என் பில்லைத் திரையில் வைத்து, தள்ளுபடி போக மாதம் இவ்வளவுதான் வரும் என்று கூட்டிக் காட்டித்தான் விற்றார். அந்தக் கூட்டலை நம்பித்தான் மூன்று போன் எடுத்தோம்.

கஸ்டமர் கேரில் பேசியதைச் சொல்கிறேன். முதலில் பேசிய பெண் பொறுமையாகக் கேட்டார். அவர் கையில் எதுவும் இல்லை என்பது குரலிலேயே தெரிந்தது. அவரிடம் கத்துவதில் பயனில்லை, கத்தவும் கூடாது. "நான் எண்ணை மாற்றிக்கொள்ளலாம் என்று யோசிக்கிறேன்" என்று சொன்னதும் வாடிக்கையாளரைத் தக்கவைக்கும் பிரிவுக்கு மாற்றினார்கள். லாயல்டி டிபார்ட்மெண்ட் என்று நாம் சொல்வது இதைத்தான். அங்கே கொடுத்தது பத்து மாதத்துக்கு மாதம் பத்து டாலர் கிரெடிட். கூடவே இன்னொன்றும் சொன்னார்கள்: இப்போதைய திட்டத்தை விட்டுப் புதுத் திட்டத்துக்கு மாறினால் இன்னும் குறையும் என்று. அதை மட்டும் ஒத்துக்கொள்ளாதீர்கள், குறைந்தது ஒரு நாள் எடுத்துக்கொள்ளுங்கள். பழைய திட்டத்திலிருந்து ஒருமுறை இறங்கிவிட்டால் திரும்ப ஏற முடியாது. புதுத் திட்டத்தில் ஹாட்ஸ்பாட் எவ்வளவு, இந்தியா போகும்போது ரோமிங் உண்டா, போன் கிரெடிட் தொடருமா என்று மூன்றையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். எங்களுக்குக் காட்டிய புதுத் திட்டத்தில் ரோமிங் இல்லை. ஊருக்குப் போனால் இங்குள்ள வங்கியின் ஓடிபி எப்படி வரும்?

அதன்பின் அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்சிசியின் தளத்தில் புகார் பதிவு செய்தேன். இது இலவசம், வக்கீல் எதுவும் வேண்டாம். புகார் நிறுவனத்துக்குப் போன பிறகு 30 நாளுக்குள் அவர்கள் எழுத்தில் பதில் தர வேண்டும். எஃப்சிசி நமக்காகத் தீர்ப்புச் சொல்லாது. ஆனால் கால் சென்டரைத் தாண்டி முடிவெடுக்கும் அதிகாரம் உள்ள ஒருவர் நம்மைக் கூப்பிடுவார். என்னையும் கூப்பிட்டார்கள். தள்ளுபடி திரும்ப வராது என்று தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். ஒருமுறைக் கிரெடிட்டாக 150 டாலர் தந்தார்கள். அதை ஐந்தாகப் பிரித்து எல்லார் பங்கிலும் கழித்துவிட்டேன்.

இன்னொரு சங்கடமும் சேர்ந்துகொண்டது. மாதாமாதம் பில் தானாகக் கட்டப்படும்படி வைத்தால் கிடைக்கும் ஆட்டோபே தள்ளுபடி முழுதாக வேண்டுமென்றால் பெரிய நெட்வொர்க்குகள் இப்போது பொதுவாக வங்கிக் கணக்கையோ டெபிட் கார்டையோ கேட்கின்றன. சில கிரெடிட் கார்டுகளில் செல்போன் பில் கட்டினால் போன் உடைந்தாலும் திருடுபோனாலும் இழப்பீடு உண்டு. ஆட்டோபேக்காக அதை விட்டுக்கொடுத்தால், அந்த இன்சூரன்ஸுக்கு நெட்வொர்க்கிடமே தனியாகப் பணம் கட்ட வேண்டும். எது லாபம் என்பது உங்கள் கார்டைப் பொறுத்தது.

நாங்கள் கடைசியில் செய்தது இது. போன் தவணை இல்லாத இரண்டு லைன்களை, அதில் தம்பியுடையது ஒன்று, பெரிய நெட்வொர்க்கின் டவரையே வாடகைக்கு எடுத்து நடத்தும் சின்ன பிராண்டுக்கு மாற்றினோம். யூஎஸ் மொபைல் போன்றவை இந்த வகை. தம்பிக்கு இப்போது பழைய தள்ளுபடி விலையைவிடக் குறைவாக வருகிறது. ஆனால் கூட்டம் சேரும் இடத்தில், மேட்ச் நடக்கும் மைதானத்திலோ திருவிழாவிலோ, அவன் போனில் டேட்டா நகராது. நெரிசலில் பொதுவாகப் பெரிய நெட்வொர்க்கின் சொந்த வாடிக்கையாளர்களுக்குத்தான் முன்னுரிமை. அவனுக்கு அது பெரிய விஷயமாக இல்லை. இரண்டு லைன் போனதால் மீதி மூன்று பேரின் பங்கு கொஞ்சம் ஏறியது. அதைப் பேசித் தீர்த்துக்கொண்டோம். மீதி மூன்று லைன்கள் கிரெடிட் முடியும்வரை இங்கேயே இருக்கும். அதற்குப் பிறகு நானும் வெளியே வந்துவிடுவேன். இனி போனை முழுப் பணம் கொடுத்து வாங்குவதாகத்தான் முடிவு.

மாறப் போகிறவர்களுக்கு ஒரு விஷயம். பழைய லைனை நீங்களாக ரத்து செய்யாதீர்கள், ரத்து செய்தால் எண் கையைவிட்டுப் போகக்கூடும். முதலில் பழைய நெட்வொர்க்கின் ஆப்பில் எண் மாற்றத்துக்கான பின் (PIN) என்ற ரகசிய எண்ணை எடுத்து, அக்கவுண்ட் எண்ணோடு புது இடத்தில் கொடுங்கள். எண் போய்ச் சேர்ந்ததும் பழைய லைன் தானாக மூடிக்கொள்ளும். 2003-லிருந்தே செல்போன் எண்ணைக் கூடவே கொண்டுபோகும் உரிமை இங்கே இருக்கிறது. பாக்கி இருக்கிறது என்று காரணம் காட்டி அவர்கள் எண்ணைப் பிடித்துவைக்க முடியாது. பாக்கிக்கு பில் அனுப்பலாம், அவ்வளவுதான். ஃபேமிலி பிளானில் இருப்பவர்கள் அந்த ரகசிய எண்ணை ஓனரிடம்தான் கேட்க வேண்டும். ஓனர் ஊருக்குக் கிளம்புவதற்கு முன்பே கேட்டு வாங்கி வேலையை முடித்துவிடுங்கள்.