பனி நகரத்தில் கார் நிறுத்த ஓர் இடம்: மினியாபொலிஸ் மாணவர் குடியிருப்பு ஒன்றின் மதிப்புரை

அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில், மினசோட்டா பல்கலைக்கழகத்தின் கிழக்குக் கரை வளாகத்திலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தொலைவில், பெரும்பாலும் மாணவர்களே குடியிருக்கும் அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றில் முதுகலைப் படிப்பு முடியும்வரை வசித்தேன். ஈரோட்டுக்குத் திரும்பிய பிறகு, பெருந்துறையிலும் கோவையிலும் பொறியியல் முடித்துவிட்டு அதே ஊருக்குப் புறப்படும் தம்பி தங்கைகளும், அவர்களைவிட அதிகமாக அவர்களுடைய பெற்றோரும், அந்தக் கட்டடத்தைப் பற்றி விசாரிக்கிறார்கள். அறைகள், சமையலறை, துணி துவைக்கும் இயந்திரம் எல்லாம் நிர்வாகம் அனுப்பும் காணொளியில் உள்ளது உள்ளபடியே இருக்கின்றன. அவற்றில் குறை சொல்ல எதுவும் இல்லை. அந்தக் காணொளியில் வராதது கார் நிறுத்தும் இடம். ஆகவே அதை மட்டும் இங்கே மதிப்பிடுகிறேன்.

முதலில் கட்டணம். "வாடகைதான் கொடுத்தாச்சுங்களே, வண்டி நிறுத்தறதுக்கு வேற தனியா எதுக்குங்க?" என்று கேட்காத தகப்பனார் இல்லை. நம் ஊர் வழக்கப்படி அது நியாயமான கேள்விதான். சரவணம்பட்டியிலோ பீளமேட்டிலோ அடுக்ககத்தில் குடியேறுபவர், கீழே தூண்களுக்கு நடுவில் உள்ள கார் இடத்தை வீட்டோடு சேர்ந்ததாகவே கருதுகிறார். தூண்தளக் கார் நிறுத்தம் பொதுப் பகுதி, அதைக் கட்டியவர் தனியாக விற்க முடியாது என்று மும்பை வழக்கொன்றில் உச்ச நீதிமன்றமே 2010-இல் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. மினியாபொலிஸிலோ வீட்டு ஒப்பந்தம் வேறு, கார் இடத்துக்கான ஒப்பந்தம் வேறு. எங்கள் கட்டடத்தில் பின்புறத் திறந்தவெளிக்கு மாதம் 60 டாலரும், சூடேற்றிய நிலத்தடித் தளத்துக்கு 130 டாலரும் வாங்கினார்கள். கட்டணமில்லாத தெருவோரத்தைத் தேடிப் பிடிப்பது மூன்றாவது வழி.

முதல் குளிர்காலத்தில் திறந்தவெளி இடத்தில்தான் என் கார் நின்றது. அது 2022–23 பருவம். வழக்கமாக 50 அங்குலத்தைச் சற்றே தாண்டும் அந்நகரின் பனிப்பொழிவு அந்த முறை 90 அங்குலத்தை எட்டியது. காரின் மேல் பனி விழுவது ஒரு பெரிய பிரச்சினை அன்று. நீண்ட கைப்பிடி கொண்ட துடைப்பமும் கண்ணாடியைச் சுரண்டும் தகடும் கையில் இருந்தால், விரல் மரத்துப்போவதற்குள் வேலையை முடித்துவிடலாம். பிரச்சினை தரையில் விழும் பனியால் வருகிறது. அதை அள்ளுவதற்கு லாரி உள்ளே வர வேண்டும். லாரி வருவதற்கு எல்லாக் கார்களும் வெளியே போக வேண்டும். முந்தைய நாள் மாலையில் ஒரு மின்னஞ்சல் வரும்: மறுநாள் காலை 9 மணி முதல் பிற்பகல் 1 மணி வரை இடத்தைக் காலி செய்ய வேண்டும், தவறினால் உரிமையாளரின் செலவிலேயே வண்டி இழுத்துச் செல்லப்படும். அந்த நான்கு மணி நேரம் காரை எங்கே கொண்டுபோய் நிறுத்துவது என்பதற்கு அதில் ஒரு வரியும் இருக்காது. வகுப்பில் இருப்பவர், தேர்வு எழுதுபவர், விடுமுறைக்கு வெளியூர் போனவர் என்ற கணக்கெல்லாம் நிர்வாகத்துக்குக் கிடையாது.

சரி, தெருவில் நிறுத்தலாம் என்று போனால் அங்கே மாநகராட்சியின் விதி காத்திருக்கும். பனி நன்றாகக் கொட்டிவிட்டால் மினியாபொலிஸ் நகரம் 'பனி அவசரநிலை' அறிவிக்கிறது. அறிவித்த அன்று இரவு 9 மணி முதல் மறுநாள் காலை 8 மணி வரை முக்கியச் சாலைகளின் இரு பக்கமும் நிறுத்தக் கூடாது. இந்தச் சாலைகளைத் தெருப்பெயர்ப் பலகையின் நீல நிறத்தைக் கொண்டு அடையாளம் காணலாம். இரண்டாம் நாள் காலை 8 முதல் இரவு 8 வரை மற்றத் தெருக்களில் இரட்டைப்படை எண் வீடுகள் இருக்கும் பக்கம் நிறுத்தத் தடை. மூன்றாம் நாள் அதே நேரத்தில் ஒற்றைப்படைப் பக்கம் தடை. ஒரு தெருவை முழு அகலத்துக்கும் வழித்து முடித்துவிட்டால் அங்கே தடை நீங்கிவிடும். விதியைப் படித்துப் பார்த்தால் தெளிவாகத்தான் இருக்கிறது. ஆனால் எங்கள் நிர்வாகம் திறந்தவெளியைக் காலி செய்யச் சொன்னது பெரும்பாலும் இந்த இரண்டாம் நாள் காலையில்தான். கட்டடத்துக் கார்கள் அத்தனையும் ஒரே நேரத்தில் தெருவுக்கு வரும். ஒற்றைப்படைப் பக்கமோ அதற்கு முன்பே நிரம்பியிருக்கும். என் அறைத்தோழர் கோபிச்செட்டிபாளையத்துக்காரர். வகுப்புக்கு நேரமாகிறது என்று இரட்டைப்படைப் பக்கம் காரை விட்டுப் போனவர், மாலையில் திரும்பி வந்தபோது அந்த இடத்தில் ஈரத் தார்ச் சாலை மட்டுமே இருந்தது. மாநகராட்சியின் வளாகத்துக்குப் பேருந்தில் போய், இழுத்ததற்கு ஒரு கட்டணம், வைத்திருந்ததற்கு ஒரு கட்டணம் என்று கட்டித்தான் வண்டியை மீட்டார். மாநகராட்சியை இதில் நான் குறை சொல்ல மாட்டேன். தீயணைப்பு வண்டி போவதற்குத் தெரு அகலம் வேண்டும். குறை முழுவதும், கட்டணம் வாங்கிக்கொண்டு மிகவும் தேவைப்படும் நாளில் இடத்தைத் திரும்ப எடுத்துக்கொண்ட கட்டட நிர்வாகத்தினுடையது.

தெருவோரத்தையே நிரந்தர இடமாக நம்பலாமா என்றால், கூடாது என்றே சொல்வேன். 2023 ஜனவரியில் ஓரங்களில் குவிந்த பனியால் தெருக்கள் குறுகிப்போக, முக்கியமல்லாத தெருக்களில் இரட்டைப்படைப் பக்கம் நிறுத்துவதையே நகரம் தடை செய்தது. பாதி இடம் அப்படியே போய்விட்டது. மிஞ்சிய பாதியில் இடம் கிடைத்தாலும், வழித்துக்கொண்டு போகும் லாரி காரை ஒட்டி முழங்கால் உயரத்துக்கு ஒரு வரப்பைப் போட்டுவிட்டுப் போகும். விழுந்தவுடன் வெட்டினால் மண்வெட்டி இறங்கும். ஓர் இரவு கடந்துவிட்டால் அது சக்கரத்தோடு சேர்ந்து இறுகி, அடித்தால் கை அதிரும்.

இரண்டாம் ஆண்டு நிலத்தடித் தளத்துக்கு மாறினேன். ஓர் உண்மையை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்: நான் கூடுதல் பணம் கட்டிய அந்த 2023–24 குளிர்காலம், இரட்டை நகரங்கள் எனப்படும் மினியாபொலிஸ்–செயின்ட் பால் பகுதியின் வானிலைப் பதிவுகளிலேயே மிகவும் வெப்பமானதாக அமைந்துவிட்டது. ஜனவரி நடுவில் வந்த கடுங்குளிர் இல்லாவிட்டால் இந்தப் பகுதியை எழுதும் தகுதியே எனக்கு இருந்திருக்காது. 'சூடேற்றியது' என்றால் வீட்டுக்குள் இருப்பது போன்ற சூடு என்று எண்ண வேண்டாம். தண்ணீர் உறையாத அளவுக்குச் சற்று மேலே வைத்திருப்பார்கள், அவ்வளவுதான். அந்த அளவே போதும். மைனஸ் 18 டிகிரி செல்சியஸில் பேட்டரி தன் வலிமையில் பாதிக்கு மேல் இழந்துவிடுகிறது, அதே நேரத்தில் எஞ்சின் எண்ணெய் தடித்துப்போய்க் கூடுதல் வலிமை கேட்கிறது. திறந்தவெளியில் நின்ற பழைய கார்கள் காலையில் செல்ஃப் எடுக்காமல் முனகியதற்கு இதுதான் காரணம். டயர் காற்றும் வெப்பநிலை ஐந்தரை டிகிரி குறைந்தால் ஏறத்தாழ ஒரு பவுண்டு அழுத்தம் குறையும். கீழ்த்தளத்தில் நின்ற காருக்கு இந்தத் தொல்லைகள் வெளியே நிற்கும் நேரத்தோடு சரி. 2019 ஜனவரி 30 அன்று அந்நகரில் மைனஸ் 33 டிகிரி பதிவானது என்பதை நினைத்தால், 70 டாலர் வித்தியாசத்தைக் கொடுக்கலாம் என்றே தோன்றுகிறது.

ஆனால் கீழ்த்தளத்திலும் குறைகள் உண்டு. சாலையில் தூவும் உப்பு பனிச்சேற்றோடு சேர்ந்து மட்கார்டின் உட்புறத்தில் கட்டியாக ஒட்டிக்கொண்டு வரும். உள்ளே வந்ததும் உருகிச் சொட்டி, காய்ந்த பிறகு தரையில் வெள்ளைக் கோடுகளாகப் படியும். குளிரில் இறுகிக் கிடக்கும் உப்பைவிட, இப்படி இளஞ்சூட்டில் ஈரத்தோடு இருக்கும் உப்புதான் இரும்பை வேகமாக அரிக்கும். அடிப்பகுதியையும் சேர்த்துக் கழுவும் இடத்துக்கு அவ்வப்போது போய் வருவது நல்லது. என் இடத்தின் எதிரே இருந்த வடிகால் அடைத்துக்கொண்டு, கதவைத் திறந்து காலை வைத்தால் சேற்றுத் தண்ணீரில்தான் வைக்க வேண்டியிருந்தது; புகார் எழுதியும் வசந்தம் வரும்வரை யாரும் தொடவில்லை. மேலே ஏறும் சரிவின் முடிவில் பனிக்கட்டி படியும் ஓரிடம் இருந்தது, அங்கே சக்கரம் வழுக்கியதற்கும் நடவடிக்கை இல்லை. இன்னொன்று பாதுகாப்பு பற்றியது: புறப்படும் முன் எஞ்சினை ஓடவிட்டுச் சூடாக்கும் பழக்கத்தை மூடிய தளத்தில் செய்யவே கூடாது, கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. வெளியே நிறுத்துபவர்களும் புகைக்குழாயைப் பனி மூடியிருக்கிறதா என்று பார்த்த பிறகே எஞ்சினை இயக்க வேண்டும். எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து, நிலத்தடித் தளத்துக்கு ஐந்தில் மூன்றரையும் திறந்தவெளிக்கு ஒன்றரையும் கொடுக்கிறேன்.

வேறு பனி நகரங்களுக்குப் போகிறவர்கள் கேட்க வேண்டிய கேள்விகள் சற்று மாறும். விஸ்கான்சின் மாநிலத்தின் மேடிசனில் நவம்பர் 15 முதல் மார்ச் 15 வரை, நகரின் பெரும்பாலான தெருக்களில், பனி பெய்தாலும் பெய்யாவிட்டாலும், நள்ளிரவு 1 மணி முதல் காலை 7 மணி வரை தேதிக்கு ஏற்பப் பக்கம் மாற்றி நிறுத்த வேண்டும். கனடாவின் வினிப்பெக் போனால், எஞ்சினைச் சூடாக வைத்திருக்கும் கருவியைச் செருகுவதற்கு மின் இணைப்புள்ள இடம்தானா என்பதை முதலில் கேளுங்கள். மான்ட்ரியல் இருக்கும் கியூபெக் மாநிலத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால டயர் கட்டாயம். கழற்றி வைக்கும் டயர்களுக்குக் கட்டடத்தில் இடம் தருவார்களா என்பதும் அங்கே வாடகைப் பேச்சின் ஒரு பகுதி.

மினியாபொலிஸைப் பொறுத்தவரை, முதல் குளிர்காலத்தில் கார் வாங்காமலே இருப்பதுதான் என் பரிந்துரை. 2014-இல் தொடங்கிய பச்சைத் தட ரயில் பல்கலைக்கழக வளாகத்தின் நடுவே போகிறது. பேருந்து, ரயில் பயணத்துக்கான அட்டை மாணவர் கட்டணத்திலேயே அடங்கிவிடுகிறது. அரிசியும் பருப்பும் வாங்க, கார் வைத்திருக்கும் ஒருவரோடு நான்கு பேர் சேர்ந்து பெட்ரோல் காசைப் பகிர்ந்துகொண்டால் போதும். நகருக்கு வெளியே பயிற்சி வேலை கிடைத்து, கார் இல்லாமல் முடியாது என்ற நிலை வந்தால் நிலத்தடி இடத்தை எடுக்கலாம். நிர்வாகம் ஆகஸ்ட் முதல் 12 மாதத்துக்கு ஒப்பந்தம் போடச் சொல்லும். இடம் காலியாக இருக்கும் ஆண்டுகளில் நவம்பரிலிருந்து ஆறு மாதத்துக்கு மட்டும் பேசினால் ஒத்துக்கொள்கிறார்கள் என்பதை எங்கள் தளத்திலேயே சிலர் பெற்றதிலிருந்து அறிவேன். திறந்தவெளிதான் மிஞ்சியது என்றால், பனி அள்ளும் நாளில் மாற்று இடம் எங்கே என்று கேட்டு, கையெழுத்துப் போடும் முன்பே பதிலை மின்னஞ்சலில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். தொலைபேசியில் "பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்லும் அலுவலர் அடுத்த ஜனவரியில் அதே நாற்காலியில் இருப்பதில்லை.