புல்தரைக்கு மக்கிய எருவா, யூரியாவா?

வீட்டு முன்னால் 500 சதுர அடிக்கு அருகம்புல் பரப்பி நான்கு வருடம் ஆகிறது. முதல் இரண்டு வருடம் யூரியா, அப்புறம் மக்கிய மாட்டெரு. நான் எரு கட்சி, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

யூரியா மலிவு, தூக்கச் சுலபம், சில நாளில் பச்சை கட்டும். அதில் தழைச்சத்து 46 சதவீதம், மாட்டெருவில் சுமார் அரை சதவீதம்தான். அரைக் கிலோ யூரியாவில் இருப்பதை எடுக்க 46 கிலோ எரு சுமக்க வேண்டும், அதுவும் மெல்லத்தான் புல்லுக்கு இறங்கும். அந்த மெதுவுதான் எனக்குப் பிடித்தது. யூரியா காலத்தில் புல் திமுதிமுவென்று வளர்ந்து வாராவாரம் வெட்ட வேண்டியிருந்தது, தூவிவிட்டுத் தண்ணீர் விட மறந்த ஒரு நாள் திட்டுத்திட்டாகக் கருகியும் போனது. இப்போது பத்துப் பன்னிரண்டு நாளுக்கு ஒரு வெட்டு, மண்ணும் ஈரத்தைக் கொஞ்சம் பிடித்துவைக்கிறது.

ஆனால் எரு வாங்குவதில் ஒரே ஒரு விஷயத்தில் ஏமாந்தால் எல்லாம் போச்சு: களை. மாடு தின்ற விதைகளில் பல வயிற்றைத் தாண்டியும் உயிரோடு வரும். குவியல் 55 டிகிரிக்கு மேல் சில நாள் சூடேறி, வெளிப்பக்கம் உள்ளே போகும்படி கிளறியும் விட்டால்தான் அவை சாகும். நான் முதலில் வாங்கிய லோடு வெறுமனே காய்ந்த சாணம், கறுப்பாக இருந்ததால் மக்கியது என்று நம்பிவிட்டேன். ஒரே மாதத்தில் குப்பைக்கீரையும் சாரணையும் கிளம்பி, மூன்று ஞாயிற்றுக்கிழமை குத்தவைத்துப் பிடுங்கியதில் இடுப்பு போனது. சாண வாடை அடித்தால், உள்ளே கை வைத்தால் சூடு தெரிந்தால், இன்னும் ஆகவில்லை என்று அர்த்தம். இதெல்லாம் தேறினாலும் ஒரு தட்டில் இரண்டு கைப்பிடி போட்டு நனைத்துப் பத்து நாள் பார்ப்பது நல்லது. தேறியதைச் சலித்து, கால் அங்குலத்துக்கு மேல் போகாமல், புல் நுனி தெரியும்படி பரப்பினால் போதும்; எனக்குப் பத்துக் கன அடி பிடிக்கிறது.

மண்புழு உரம் ஒரே ஒரு முறைதான் போட்டேன், அதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. மண்புழுத் தொட்டியில் அந்தச் சூடு ஏறாது என்பதால் அதற்கும் தட்டுச் சோதனை உண்டு.

கடைசியாக வந்த மூட்டையில் பத்து நாளில் இரண்டு கீரை முளைத்தது. சரி, இரண்டுதானே என்று பரப்பிவிட்டேன்.