குழந்தையின் முடியை வைத்து அலர்ஜி கண்டுபிடிக்கிறோம் என்பவர்களிடம் காசு கட்டாதீர்கள். எங்களுக்கு 28,500 ரூபா போனது

கோபம் ஆறுவதற்கு முன்னாலேயே இதை எழுதிவிட வேண்டும். மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் கைக்குழந்தை வைத்திருக்கும் தாய்மார் கட்டாயம் வாசியுங்கள்.

பேஸ்புக்கில் ஒரு பக்கம் இருக்கிறது. குழந்தையின் முடியைக் கொஞ்சம் வெட்டிக் கொடுத்தால் எந்தெந்தச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாது என்று கண்டுபிடித்துத் தருவதாகத் தமிழில் விளம்பரம் போடுகிறார்கள். முறைப்பாடு கொடுத்திருப்பதால் பெயரை இங்கே எழுதவில்லை. அவர்களுக்கு நாங்கள் கட்டியது 28,500 ரூபா. காசு மட்டும் போயிருந்தால்கூட இவ்வளவு எழுத மாட்டேன். தாராளமாகக் கொடுக்கலாம் என்று அவர்கள் பச்சை நிறத்தில் குறித்துத் தந்த சாப்பாடுதான் என் மகனை ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ப் போட்டது.

மகனுக்கு நாலு மாதமளவில் கன்னம் இரண்டும் சிவந்து சொரசொரப்பாக வந்தது. பிறகு நெற்றி, கை கால்களின் வெளிப்பக்கம் என்று பரவியது. இரவில் கடி தாங்காமல் முகத்தைத் தலையணையில் தேய்த்துத் தேய்த்து அழுவான். அம்மா அது கிரந்தி என்றார். நான் இறால் சாப்பிட்டதுதான் பாலில் இறங்கியிருக்கிறது என்றார் மாமி. கிளினிக்கில் ஒயின்மென்ட் எழுதித் தந்தார்கள். பூசினால் குறையும், விட்டால் திரும்ப வரும். ஆறு மாதம் முடிந்து சோறு, பருப்பு, பூசணி, கீரி மீன் என்று தொடங்கியபோது வாயைச் சுற்றியும் சிவப்பு வந்தது. எந்தச் சாப்பாடு செய்கிறது என்று யாரிடம் கேட்பது? கிளினிக் நாளில் வரிசை வெளி வாசல் வரைக்கும் நிற்கும். டொக்டரிடம் ஆறுதலாக உட்கார்ந்து பேச இடமே இருக்காது.

அந்த நேரத்தில்தான் விளம்பரம் கண்ணில் பட்டது. இன்பொக்ஸில் கேட்டேன், உடனே ஒரு பெண் அழைத்தார். எங்கள் ஊர்த் தமிழ். "தங்கச்சி, முதல்ல புள்ளட பேரச் சொல்லுங்க" என்றார். பிறகு பேச்சு முழுக்க மகனைப் பெயர் சொல்லித்தான் விசாரித்தார். எப்போது தூங்குகிறான், எந்தப் பக்கம் கடிக்கிறது, எனக்குச் சாப்பாடு இறங்குகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். தன்னுடைய மூத்த மகளுக்கும் இப்படித்தான் இருந்ததாம். "ஊசி இல்ல, ரத்தம் எடுக்கிற இல்ல, புள்ள அழவே மாட்டான். ஒண்டுக்கும் யோசிக்காதீங்க" என்றார். அவ்வளவு நாளும் என் பேச்சை முழுசாகக் கேட்ட முதல் ஆள் அவர்தான். அந்த இடத்தில்தான் நம்பினேன். அப்படி நம்ப வைப்பதுதான் அவர்களுடைய தொழில் என்று இப்போது தெரிகிறது.

பரிசோதனைக்கு 18,500 ரூபா. ஒரு கிரீமும் சொட்டு மருந்தும் 10,000 ரூபா. இரண்டையும் சேர்த்து எடுத்தால்தான் பலனாம். சீட்டில் எடுத்த காசு அது, மழைக்கு முன் கூரை வேலைக்கென்று வைத்திருந்தோம். ஒரு தனி ஆளின் வங்கிக் கணக்குக்கு 28,500 ரூபாவையும் போட்டுவிட்டு ஸ்லிப்பைப் படம் எடுத்து அனுப்பினேன். மோட்டார் சைக்கிளில் ஒரு பையன் வந்து முடியைச் சின்னப் பொலித்தீன் பையில் வாங்கிக்கொண்டான். பையில் பெயர்கூட எழுதவில்லை. கேட்டதற்கு, "அது ஒபிஸில எழுதுவாங்க அக்கா" என்றுவிட்டுப் போனான்.

ரிப்போர்ட் வட்ஸ்அப்பில் வந்தது. சிவப்பு, மஞ்சள், பச்சை என்று அழகான பக்கங்கள். சிவப்பில் அரிசி, பருப்பு, பயறு, பசும்பால், தயிர், எல்லா மீனும், தேங்காய், பூசணி, வாழைப்பழம், கச்சான். இங்கே நாங்கள் கண்ணாலும் காணாத புளூபெர்ரி, சால்மன், ரை தானியம் எல்லாம் அதே சிவப்பில். பச்சையில் முட்டை, ஆப்பிள், ஓட்ஸ், ஆட்டிறைச்சி. தாய்ப்பால் கொடுப்பதால் நானும் சிவப்பில் உள்ள எதையும் வாயில் வைக்கக்கூடாது என்றார். சோறும் தேங்காயும் மீனும் பருப்பும் இல்லாமல் மட்டக்களப்பில் பால் கொடுக்கும் தாய் என்னத்தைச் சாப்பிடுவது? எனக்குத் தலைசுற்றத் தொடங்கியது. மகனுக்குக் கொடுக்க வழியில்லாமல் ஆப்பிளை அவித்து மசித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஆப்பிள் விலை உங்களுக்கும் தெரியும்.

கிரீமைப் பூசியதும் தோல் பளிச்சென்று சுகமானது உண்மைதான். வீட்டில் எல்லோரும் சந்தோஷப்பட்டோம். டப்பா முடிகிற நேரத்தில் பழையதை விட மோசமாகத் திரும்பி வந்தது. அந்த டப்பாவில் மருந்தின் பெயர் இல்லை, உற்பத்தித் திகதி இல்லை, செய்தவர் முகவரி இல்லை. "மூலிகை" என்று மட்டும் ஒரு ஸ்டிக்கர்.

எங்கள் மிட்வைஃப் மிஸ்தான் முதலில் பிடித்தார். நிறுத்துப் பார்த்துவிட்டு மகனின் சுகாதாரப் பதிவேட்டைத் திறந்து வளர்ச்சிக் கோட்டைக் காட்டினார். மேலே ஏற வேண்டிய கோடு படுத்துக் கிடந்தது. நான் ரிப்போர்ட்டைக் காட்டினேன். உடம்பு சுத்தமாகும் வரை, சின்னமுத்து வராமல் ஒன்பதாம் மாதம் போடும் எம்எம்ஆர் ஊசியைத் தள்ளிப்போடச் சொன்னார்கள் என்றும் சொன்னேன். மிஸ்ஸுக்கு வந்த கோபத்தை நான் அதற்கு முன் கண்டதில்லை. சின்னமுத்து வந்தால் இந்த ரிப்போர்ட்டா வந்து பிள்ளையைப் பார்க்கும் என்று கேட்டார். அடுத்த கிழமையே டொக்டரிடம் காட்ட ஒழுங்கு செய்தார்.

அதற்குள் நடந்துவிட்டது. நிறை குறைகிறது என்று அந்தப் பேஸ்புக் பக்கத்தின் பெண்ணுக்கு எழுதியிருந்தேன். "முட்டதான் பச்சையில இருக்கே தங்கச்சி, வெள்ளக்கருவோட முழுசாக் குடுங்க, நிறை ஏறும்" என்று குரல் பதிவு அனுப்பினார். அந்தப் பதிவு இன்னும் என் போனில் இருக்கிறது. அவித்த முட்டையைக் கொடுத்துச் சில நிமிடங்களில் கழுத்திலிருந்து வயிறு வரை தடிப்புத் தடிப்பாக எழும்பியது. உதடு வீங்கியது. வாந்தி எடுத்தான், பிறகு இருமத் தொடங்கி மூச்சு இழுத்தது. 1990க்கு அழைத்தோம். சுவசெரிய அம்புலன்ஸ் வந்தது. ஆஸ்பத்திரியில் தொடையில் அட்ரினலின் ஊசி போட்டார்கள். இரவு முழுக்கக் கண்காணிப்பில் வைத்திருந்தார்கள். பிள்ளை பிழைத்தான். அந்தப் பேஸ்புக் பக்கத்தார் செய்த வேலையில் பிழைத்தான் என்று சொல்லவே மாட்டேன்.

வார்ட்டில் டொக்டர் பொறுமையாக விளங்கப்படுத்தினார். என்னைப் போல தெரியாமல் தவிக்கிறவர்களுக்காக அதை விரிவாக எழுதுகிறேன். உடனடி ஒவ்வாமையை உண்டாக்குவது ஐஜிஈ என்ற பிறபொருளெதிரி. அது இரத்தத்திலும், தோல் முதலிய இடங்களில் இருக்கும் சில கலங்களின் மேலும் இருக்கிறது. முடியில் இல்லை. எவ்வளவு பெரிய இயந்திரம் வைத்திருந்தாலும் முடியைப் பார்த்து உணவு ஒவ்வாமையைச் சொல்ல முடியாது. இந்த வகை ஒவ்வாமை பெரும்பாலும் சாப்பிட்டு நிமிடங்களில், கூடினால் 2 மணித்தியாலத்துக்குள் காட்டிவிடும். தடிப்பு, உதடும் கண்ணும் வீங்குதல், வாந்தி, மூச்சு இழுத்தல் எல்லாம் அதன் அடையாளங்கள். இன்னொரு வகை மெதுவாக வரும். பல மணித்தியாலம் கழித்து, சிலவேளை 2, 3 நாள் கழித்துக்கூட மலத்தில் இரத்தம், வயிற்றோட்டம், எக்ஸிமா (தோல் சிவந்து சொரசொரத்துக் கடிக்கும் நோய்) கூடுதல் என்று தெரியும். பசும்பால் அப்படிச் செய்வதுண்டு.

தக்காளி, தோடம்பழம் மாதிரிப் புளிப்புப் பட்டு வாயைச் சுற்றி மட்டும் சிவந்து கொஞ்ச நேரத்தில் மறைந்தால் அது பெரும்பாலும் தோல் எரிச்சல்தான், ஒவ்வாமை இல்லை. மகனின் கன்னத்தில் இருந்தது எக்ஸிமா. எக்ஸிமா உள்ள எல்லாப் பிள்ளைக்கும் சாப்பாடு காரணமில்லை. ஆனால் எக்ஸிமா கடுமையாக இருக்கும் கைக்குழந்தைகளுக்கு முட்டை, கச்சான் போன்றவற்றுக்கு ஒவ்வாமை வரும் வாய்ப்புக் கூட. எதைச் சாப்பிட்டான், எவ்வளவு நேரத்தில் என்ன வந்தது என்ற கதையைக் கேட்டுத்தான் டொக்டர் தொடங்குவார். அதற்குப் பிறகுதான் தோலில் குத்திப் பார்க்கும் பரிசோதனை அல்லது இரத்தத்தில் ஐஜிஈ. அதிலும் பொசிட்டிவ் என்று வந்தால் மட்டும் போதாது, கதையோடு பொருந்த வேண்டும். சந்தேகம் என்றால் ஆஸ்பத்திரியில் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துப் பார்ப்பார்கள்.

கச்சான் தவிர, சிவப்பு நிறத்தில் இருந்த அவ்வளவு சாப்பாட்டையும் திருப்பித் தொடங்கச் சொன்னார். முட்டையை மட்டும் இப்போதைக்கு அடியோடு நிறுத்தியிருக்கிறோம். நிறையப் பிள்ளைகளுக்கு முட்டை ஒவ்வாமை வளர வளரப் போய்விடுமாம். கச்சானைப் பற்றிச் சொன்னது எனக்குப் புதிது. 2015இல் வெளியான பிரித்தானிய ஆய்வு ஒன்றில், கடும் எக்ஸிமாவோ முட்டை ஒவ்வாமையோ உள்ள 640 கைக்குழந்தைகளைப் பார்த்திருக்கிறார்கள். கச்சானை விலக்கி வைத்த பிள்ளைகளை விட, சின்னதிலிருந்தே சாப்பிட்டவர்களுக்கு 5 வயதில் கச்சான் ஒவ்வாமை வெகுவாகக் குறைவு. அப்படியென்றால் தேவையில்லாமல் விலக்குவதே கெடுதல். மகனுக்குச் சோதித்துப் பார்த்துவிட்டு, பசையாக, டொக்டர் சொல்கிறபடி தொடங்கப் போகிறோம். முழுக் கச்சான் கொடுக்கக்கூடாது, தொண்டையில் அடைக்கும்.

அந்தக் கிரீமையும் காட்டினேன். உள்ளே என்ன என்று பார்த்துச் சொல்ல முடியாது, ஆனால் சட்டென்று மாறி, நிறுத்தியதும் பெருகி வந்ததால் கடுமையான ஸ்டீரொய்ட் கலந்திருக்குமோ என்று சந்தேகமாக இருக்கிறது என்றார். குளோபெட்டசோல் போன்ற கடும் ஸ்டீரொய்ட்டுகளைக் கைக்குழந்தைக்கு நாள்கணக்காகப் பூசினால் தோல் மெலிந்து, மருந்து உடம்புக்குள்ளே போய்ச் சொந்த ஓமோன் சுரப்பையே அமுக்கிவிடுமாம். இப்போது ஈரப்பசைக்குப் பூசுவதும், வீரியம் குறைந்த ஒயின்மென்ட்டும் அரசாங்க ஆஸ்பத்திரியிலேயே தந்தார்கள். அதற்கு ஒரு சதம்கூடக் கட்டவில்லை. 28,500 ரூபாவை யாருக்குக் கொடுத்தேன் என்று அன்று வார்ட்டில் இருந்து நினைத்து நினைத்து அழுதேன்.

வீட்டுக்கு வந்ததும் அழைத்தேன். முதலில் ஒரு பையன், "மறுகா எடுக்கிறன் அக்கா" என்றான். எடுக்கவில்லை. பிறகு அந்தப் பெண் குரல் பதிவில், உடம்பில் இருந்த நஞ்சு வெளியேறுவதால்தான் தடிப்பு வந்தது, இன்னொரு போத்தல் சொட்டு மருந்து எடுத்தால் சரியாகும் என்றார். ஊசி போட்ட துண்டைப் படம் எடுத்து அனுப்பினேன். "லாப் வெளிநாட்டில, நாங்க அனுப்பி எடுத்துத் தாறது மட்டும்தான்" என்றார். அப்படியென்றால் லாப்பின் பெயர்? "அது கம்பனி விஷயம்." பதிவு எண் கேட்டேன். பிரதேச செயலகத்தில் எடுத்த வியாபாரப் பெயர்ப் பதிவை அனுப்பினார். அது கடை நடத்துகிறவர் யாரும் எடுப்பது. மருத்துவ ஆய்வுகூடம் நடத்த அது போதாது, 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டப்படி தனியார் மருத்துவ நிறுவனமாகப் பதிந்திருக்க வேண்டும். இதைச் சொன்னதும் தொனி மாறியது. மகன் பெயரைச் சொல்லிக் கொஞ்சிய அதே பெண், "நீங்க சமைச்ச மாதிரில ஏதும் பிழையிருக்கும்" என்றார். காசைக் கேட்டேன், சாம்பிள் எடுத்தால் திருப்பித் தரும் வழக்கம் இல்லையாம். அத்தோடு புளொக்.

பக்கத்தின் கீழே நான் எழுதிய கொமன்ட்டையும் அழித்துவிட்டார்கள். ஆனால் அழிப்பதற்குள் களுவாஞ்சிகுடியில் ஒரு தாய் அதைப் பார்த்து எனக்கு எழுதினார். அவருடைய மகளின் ரிப்போர்ட்டை அனுப்பினார். அதே சிவப்பு, அதே பச்சை, அதே வரிசை, அதே எழுத்துப் பிழை. பெயர் மட்டும் வேறு. அவரும் 28,500 ரூபா கட்டியிருக்கிறார். அந்தப் பிள்ளைக்கு முட்டை ஒத்துக்கொள்வதால் தப்பியிருக்கிறது.

வங்கியில் கேட்டால் நீங்களாகப் போட்ட காசு, நாங்கள் எடுத்துத் தர முடியாது என்கிறார்கள். பொலிஸில் எழுதிக் கொடுத்திருக்கிறோம். நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கும் சொல்லியாயிற்று.

இனி என்ன செய்வது என்று நிறைய எழுத நினைத்தேன், மகன் எழும்பிவிட்டான். அவசரமாகச் சில: முடி, நகம் கேட்டால் அங்கேயே நிறுத்துங்கள். பெயர் ஒட்டாத கிரீமைப் பிள்ளையின் தோலில் தொடவிடாதீர்கள். ஒரே தடவையில் பத்துச் சாப்பாட்டை நிறுத்தச் சொன்னால், மிட்வைஃபிடமோ டொக்டரிடமோ கேட்காமல் நிறுத்த வேண்டாம். தடுப்பூசியைத் தள்ளிப்போடச் சொல்கிறவர் யாராக இருந்தாலும் கேட்காதீர்கள். உதடு வீங்கி மூச்சு இழுத்தால் வீட்டு மருந்து பார்த்து நிற்காமல் 1990க்கு அழையுங்கள். தடிப்பைப் போனில் படம் எடுத்து வையுங்கள், டொக்டர் பார்க்கும்போது மறைந்திருக்கும்.

இதே பக்கத்துக்குக் காசு கட்டியவர்கள் ஸ்லிப்பையும் குரல் பதிவுகளையும் அழிக்காமல் வைத்துக்கொண்டு எனக்கு எழுதுங்கள். முறைப்பாட்டில் உங்கள் பிள்ளையின் ரிப்போர்ட்டையும் சேர்க்க வேண்டும்.