மைல்டா, ஸ்ட்ராங்கா? ஹைபிரிட் வாங்கும் முன்

மாருதி கிராண்ட் விட்டாரா 2022-இல் வந்தபோதே அதில் பெட்ரோல் இன்ஜினோடு மின்மோட்டாரும் சேர்ந்த இரண்டு ஹைபிரிட்: மைல்ட், ஸ்ட்ராங். பெயர்தான் ஒன்று, வேலை செய்யும் விதம் வேறு.

மைல்டில் காரை இழுப்பது பெட்ரோல் இன்ஜின்தான். மின்சாரம் தயாரிக்கும் ஆல்டர்னேட்டர் இருக்க வேண்டிய இடத்தில் பெல்ட்டோடு சுற்றும் ஐஎஸ்ஜி (ஸ்டார்ட்டரும் ஜெனரேட்டரும் சேர்ந்த ஒரு சின்ன மோட்டார்), சிக்னலில் அணைந்த இன்ஜினைக் கிளப்பும், வேகமெடுக்கும்போது லேசாக உந்தும். மின்சாரத்தில் மட்டும் ஓடாது. விலை குறைவு, டிக்கி பெரியது, மேனுவல் கியர் கிடைக்கும். வேறு கார்களில் வரும், பிளக்கில் செருகிச் சார்ஜ் செய்யும் பிளக்-இன் வகை, வீட்டில் தினமும் சார்ஜ் போட முடிந்தால் மட்டும். போடாவிட்டால் அந்தப் பெரிய பேட்டரி வெறும் பாரம்.

என் தேர்வு ஸ்ட்ராங். 1.5 லிட்டர் மூன்று சிலிண்டர் இன்ஜினும் இரண்டு மோட்டார்களும் கிரக கியர் (நடுப் பல்சக்கரத்தைச் சின்னப் பல்சக்கரங்கள் சுற்றிவரும் அமைப்பு) வழியாக இணைந்திருக்கும் டொயோட்டா ஏற்பாடு இது. ஒரு மோட்டார் இன்ஜினைக் கிளப்பும், மின்சாரமும் தயாரிக்கும். மற்றது சக்கரத்தைச் சுழற்றும். ஆகவே கிளட்ச், ஸ்டார்ட்டர் மோட்டார், ஆல்டர்னேட்டர் மூன்றுமே இல்லை. வேகம் குறைக்கும் வேலையில் ஒரு பங்கை மோட்டாரே பார்ப்பதால் பிரேக் பேடும் சீக்கிரம் தேயாது. (ஹோண்டா சிட்டி ஹைபிரிட்டில் இன்ஜின் பெரும்பாலும் ஜெனரேட்டர்தான், நெடுஞ்சாலை வேகத்தில் மட்டும் கிளட்ச் வழியாக நேரே சக்கரத்துக்குப் போகும்.)

பராமரிப்பில் பலர் கோட்டை விடுவது பேட்டரி காற்று ஃபில்டரில். காற்றால் குளிரும் பேட்டரிக்கு, காருக்குள்ளேயே, மாடலைப் பொறுத்து இருக்கையை ஒட்டியோ அடியிலோ ஒரு காற்றுத் துளை இருக்கும். தூசியும் முடியும் அடைத்தால் முதலில் ஃபேன் சத்தம் கூடும். பேட்டரி சூடேறியதும் கம்ப்யூட்டர் அதன் வேலையைக் குறைக்கும். இன்ஜின் அடிக்கடி ஓடும், மைலேஜ் விழும். கடைசியில்தான் எச்சரிக்கை விளக்கு. ஒவ்வொரு சர்வீஸிலும் ஃபில்டரைக் கழற்றித் தூசி தட்டச் சொல்லுங்கள். ஈரத்தோடு மாட்டக் கூடாது. துளையை மறைத்துப் பை, போர்வை வைக்காதீர்கள். ஆரஞ்சு நிற ஒயரில் தெரு மெக்கானிக் கை வைக்கவே கூடாது. அதில் ஓடுவது 170 வோல்ட்டுக்கு மேல்.

இன்னொன்று, சின்ன 12 வோல்ட் பேட்டரி. அது இறங்கிவிட்டால் பெரிய பேட்டரி நிறைய இருந்தாலும் வண்டி கிளம்பத் தயார் என்று காட்டும் ‘ரெடி’ விளக்கு எரியாது. வாரக்கணக்கில் நிறுத்தி வைப்பவர்கள் இடையிடையே ‘ரெடி’யில் வைத்து ஓட்ட வேண்டும். ‘ரெடி’க்குப் போகாமல், ரேடியோ போன்றவை மட்டும் இயங்கும் ஏசிசி நிலையில் பாட்டுக் கேட்டால் சார்ஜ் ஏறாது, இறங்கத்தான் செய்யும்.

பெரிய பேட்டரிக்கு உத்தரவாதம் 8 ஆண்டு அல்லது 1,60,000 கி.மீ. 2022 வண்டி எதுவும் அந்த 8 ஆண்டை இன்னும் தாண்டவில்லை. அதன் பிறகான மறுவிற்பனை விலை ஊகம்தான்.

சோதனை மைலேஜ் லிட்டருக்கு ஸ்ட்ராங்குக்கு 27.97 கி.மீ., மைல்ட் மேனுவலுக்கு 21.11 கி.மீ. 1,000 கி.மீ. ஓடினால் மிச்சம் 12 லிட்டருக்குள். மாதம் 500 கி.மீ. ஓட்டுபவருக்கு 6 லிட்டர்கூட மிஞ்சாது. அவர் மைல்டையே எடுக்கலாம்.