ஊருக்குள் வீடா, ஒதுக்குப்புறத்தில் வீடா?

பெருநகரத்தை விட்டுக் கிராமத்துக்குக் குடிபோக நினைக்கிறவர்கள் மனத்தில் பெரும்பாலும் ஒரே படம்தான் இருக்கிறது. கண்ணுக்கெட்டிய தூரம் பசுமை, நடுவில் ஒரு தனி வீடு, அக்கம்பக்கத்தில் யாரும் இல்லாத அமைதி. நானும் அந்தப் படத்தோடுதான் கிளம்பினேன். ஊரிலிருந்து நான்கு கிலோமீட்டர் தள்ளி, தனி வீட்டில் இரண்டு வருடம் இருந்தேன். பிறகு அதே கிராமத்தின் நடுத்தெருவில் வாடகைக்கு வந்து மூன்று வருடம் ஆகிறது. இரண்டையும் வாழ்ந்து பார்த்ததில் தயக்கமில்லாமல் ஒன்று சொல்வேன்: நகரத்திலிருந்து புதிதாக வருகிறவரின் முதல் வீடு ஊருக்குள் இருக்க வேண்டும், அதுவும் வாடகை வீடாக இருக்க வேண்டும்.

தனி வீட்டின் பக்கத்து நியாயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அங்கே கிடைக்கும் இருட்டு வேறெங்கும் கிடைக்காது. உலக மக்களில் மூன்றில் ஒரு பங்கினருக்கு, அவர்கள் வாழும் இடத்திலிருந்து பால்வெளி மண்டலம் கண்ணுக்கே தெரிவதில்லை என்று 2016இல் வெளியான ஒளி மாசு வரைபடம் காட்டியது. விளக்கை அணைத்து அரைமணி நேரம் வாசலில் உட்கார்ந்தால், கண் இருட்டுக்குப் பழகி, வானம் மெல்லத் திறக்கும். அந்த இரவுகளுக்காக இன்றும் ஏங்குகிறேன். நாய், ஆடு, மாடு வளர்க்கவும், சத்தமாக வாத்தியம் பழகவும், மரவேலைப் பட்டறை வைக்கவும் அங்கே தாராளமாக இடம் உண்டு. விவசாயமே தொழில் என்றால் நிலத்தோடு இருப்பதுதான் முறை. இந்தக் காரணங்களுக்காகப் போகிறவர்களோடு எனக்கு வாதமே இல்லை.

ஆனால் நகரத்தில் எத்தனை பேர் நமக்காகக் கண்ணுக்குத் தெரியாமல் வேலை செய்துகொண்டிருந்தார்கள் என்பது தனி வீட்டுக்குப் போன பிறகுதான் புரியும். அந்த வேலை அத்தனையும் நம் தலையில் வந்து விழும். தண்ணீரையே எடுத்துக்கொள்ளுங்கள். சொந்தக் கிணறோ போரோ இருந்தால், அது குடிக்கத் தகுந்ததா என்று பார்க்கும் பொறுப்பு பெரும்பாலும் நம்முடையதுதான். வருடத்துக்கு ஒருமுறையாவது பரிசோதனைக்குக் கொடுக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல்படி 100 மில்லிலிட்டர் குடிநீரில் ஈ.கோலி கிருமி ஒன்றுகூடத் தென்படக் கூடாது. நைட்ரேட் லிட்டருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. உரம் போடும் வயல்களுக்கு நடுவே கிணறு இருந்தால் இந்த நைட்ரேட் கணக்கை அலட்சியம் செய்யவே கூடாது. புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தையின் இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனை அது குறைத்துவிடும். தண்ணீரைக் கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைட்ரேட் போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அதன் அடர்த்தி கூடத்தான் செய்யும். வீட்டுக் கழிவு போகும் செப்டிக் டேங்க் கிணற்றிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். சில இடங்களில் 15 மீட்டர் போதும் என்பார்கள், சில இடங்களில் 30 மீட்டர் கேட்பார்கள். மூன்று முதல் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை அந்தத் தொட்டியைக் காலி செய்ய வண்டி வர வேண்டும். அந்த வண்டி திரும்புகிற அளவுக்குப் பாதை இருக்கிறதா என்று வீடு பார்க்கும்போது யாருக்கும் தோன்றுவதில்லை. எனக்கும் தோன்றவில்லை.

ஊருக்குள் இருக்கும் வீட்டிலும் கிணறும் தொட்டியும் இருக்கலாம். ஆனால் அதே தண்ணீரைப் பத்து வீட்டுக்காரர்கள் பல காலமாகக் குடித்திருப்பார்கள். எந்த மாதம் கலங்கும், எந்த வருடம் வற்றியது, யாரை அழைத்தால் மோட்டாரைப் பார்ப்பார்கள் என்பதெல்லாம் வாசலில் நின்று கேட்டாலே தெரிந்துவிடும்.

மின்சாரக் கதையும் இப்படித்தான். புயலுக்குப் பிறகு கம்பியைச் சரிசெய்கிறவர்கள், ஒரு பழுதை நீக்கினால் அதிக வீடுகளுக்கு விளக்கு எரியும் என்ற இடத்தில்தான் முதலில் கை வைப்பார்கள். அது நியாயமும்கூட. அப்படியானால் நீண்ட கம்பியின் கடைசி முனையில் ஒற்றையாக நிற்கும் வீடு வரிசையில் கடைசிதான். நீளமான கம்பியில் வோல்டேஜ் இறங்கும் என்பதால், மின்வெட்டு இல்லாத நாளிலும் மோட்டார் திணறும்.

வீட்டிலிருந்தே நகரத்து வேலையைத் தொடர்கிறவர்களுக்கு இணையம் பெரிய கவலை. ஃபைபர் கேபிள் தெரு வழியாக வரும். ஒரே ஒரு வீட்டுக்காக நான்கு கிலோமீட்டர் இழுக்க நிறுவனங்கள் எளிதில் முன்வருவதில்லை. பழைய செப்புக் கம்பியில் தூரம் கூடக்கூட வேகம் குறையும். செயற்கைக்கோள் இணையம் இருக்கிறதே என்பீர்கள். பூமியிலிருந்து 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் செயற்கைக்கோள் என்றால், நாம் ஒன்று சொல்லிப் பதில் வந்து சேர அரை விநாடிக்கும் மேல் ஆகும். கூட்டங்களில் ஒருவர் பேச்சில் ஒருவர் விழுந்துகொண்டே இருப்பார்கள். ஸ்டார்லிங்க் போல சில நூறு கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் வகை இந்தத் தாமதத்தைப் பெரிதும் போக்கிவிட்டது. அது கிடைக்கும் நாட்டில் இருந்தால் இந்தக் கவலையில் பாதி குறையும்.

மருத்துவத்தில் அப்படிக் குறையாது. மூளையில் இரத்தக்கட்டி அடைத்துப் பக்கவாதம் வந்தால், கட்டியைக் கரைக்கும் ஊசியை அறிகுறி தொடங்கியதிலிருந்து நாலரை மணி நேரத்துக்குள் போடுவதே வழக்கமான வரம்பு. திடீரென இதயம் நின்றுபோனால், நெஞ்சை அழுத்தி உதவ ஆளில்லாமல் கழியும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைகிறது. ஆம்புலன்ஸ் ஊருக்குள் வருவதற்கும் தனி வீட்டுக்கு வருவதற்கும் பத்து நிமிட வித்தியாசம் இருக்கலாம். அந்தப் பத்து நிமிடத்தில் சுவர் தட்டி ஆளைக் கூப்பிட முடிகிறதா என்பதுதான் கேள்வி. தனி வீட்டில் இருந்தபோது ஒரு நள்ளிரவில் என் மனைவிக்கு மூச்சுத்திணறல் வந்தது. வண்டி ஓட்டுவதா, அவளைத் தாங்கிப் பிடிப்பதா என்று தெரியாமல் தவித்தேன். அவள் தேறிவிட்டாள். ஆனால் நாங்கள் ஊருக்குள் வரத் தீர்மானித்தது அந்த இரவில்தான்.

இதுவரை சொன்னவற்றைப் பணமும் கருவியும் ஓரளவு ஈடுகட்டும். மனிதர்கள் விஷயத்தில் அது நடக்காது.

தனி வீட்டில் இருந்த இரண்டு வருடத்தில் ஊரில் என் பெயர் தெரிந்தவர்கள் ஏழெட்டுப் பேர்தான். காரில் போனேன், காரில் வந்தேன், தேவையானதை வரவழைத்தேன். வசித்தது கிராமத்தில், வாழ்ந்தது நகரத்து வாழ்க்கை. தெருவுக்கு வந்த இரண்டாம் வாரத்திலேயே நிலைமை மாறியது. அது முழுக்க இனிமையான மாற்றம் என்று சொல்லமாட்டேன். எப்போது எழுந்தேன், யார் வந்தார்கள், ஏன் இன்று வேலைக்கு உட்காரவில்லை என்று எல்லாமே நாலு பேருக்குத் தெரிந்திருந்தது. நகரவாசி ஆயிரம் முகங்களுக்கு நடுவே தன்னைக் காத்துக்கொள்ள ஒரு விலகலை வளர்த்துக்கொள்கிறான் என்று ஜெர்மானியச் சமூகவியலாளர் ஜார்ஜ் சிம்மல் 1903இல் எழுதினார். அந்த விலகலோடு வந்த எனக்கு ஒவ்வொரு விசாரிப்பும் வேவு பார்ப்பதாகவே பட்டது. அது ஒருவகைக் கணக்கெடுப்பு என்று புரிய ஏறக்குறைய ஒரு வருடம் ஆயிற்று. காலையில் உங்கள் கதவு திறக்கவில்லை என்றால் யாராவது வந்து தட்டுவார்கள். விசாரிப்பும் அந்தத் தட்டலும் சேர்ந்தேதான் வரும். ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ள முடியாது.

இங்கே உறவுகள் ஒற்றைக் கயிறு அல்ல, பின்னிய கயிறு. நகரத்தில் குழாய் ரிப்பேர்காரர் குழாய் ரிப்பேர்காரர் மட்டும்தான். சண்டை வந்தால் வேறு ஆளைப் பார்க்கலாம். கிராமத்தில் அவரே பக்கத்து வீட்டுக்காரரின் மைத்துனராக, உங்கள் பிள்ளையோடு படிக்கும் பையனின் அப்பாவாக, பாதைத் தகராறில் சாட்சியாக இருப்பார். அவரோடு முறைத்துக்கொண்டால் நாலு வாசல் ஒன்றாக அடைபடும். அவர் மனம் கனிந்தால் நாலும் திறக்கும். ஆகவே புதிதாக வந்தவர் முதல் ஆறு மாதம் எதையும் திருத்தக் கிளம்பாமல், கேட்டுக்கொள்வதே நல்லது.

சத்தத்தைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. தெருவில் அமைதி கிடையாது. விடியுமுன் சேவல் கூவும். வெளிச்சத்தைப் பார்த்து அல்ல, உடலுக்குள் இருக்கும் கடிகாரத்தின்படியே கூவுகிறது என்று ஜப்பானின் நகோயா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013இல் காட்டினார்கள். ஜன்னலை மூடினாலும் அதற்கு நேரம் தெரியும். பிரான்சில் மோரிஸ் என்ற சேவல் கூவுவதை எதிர்த்து, அங்கே விடுமுறை வீடு வைத்திருந்தவர்கள் நீதிமன்றம் வரை போனார்கள். 2019இல் சேவலின் பக்கம் தீர்ப்பானது. கிராமத்து ஓசைகளையும் வாசனைகளையும் மரபுச்செல்வமாக ஏற்கும் சட்டமே 2021 ஜனவரியில் அந்த நாட்டில் வந்தது. சத்தம் உங்களுக்கு உண்மையிலேயே நோய் தரும் என்றால் தெரு உங்களுக்கு ஒத்துவராது. வெறும் எரிச்சல் என்றால், இரண்டு மாதத்தில் பழகிவிடும்.

பக்கத்துச் சிறு நகரத்தில் தங்கி, கிராமத்துக்குப் போய்வருவது மூன்றாவது வழி. மருத்துவமனையும் பள்ளியும் கைக்கெட்டும் என்பதால், தீராத நோயாளியோ பரீட்சைக்குத் தயாராகும் பிள்ளையோ உள்ள குடும்பத்துக்கு அது சரி. கிராமத்தில் கால் ஊன்ற அது உதவாது.

வாடகையா சொந்தமா என்பதில் என் பதில் இன்னும் உறுதியானது. மழையில் தண்ணீர் எங்கே தேங்குகிறது, கடுங்கோடையில் எந்த அறை வேகிறது, எந்த மாதம் பாதை அடைபடுகிறது என்பதை ஒரு முழு வருடம் இருந்து பார்க்காமல் யாராலும் சொல்ல முடியாது. ஆள் குறைந்துவரும் ஜப்பானியக் கிராமப்புறங்களில், குடிவர நினைப்பவர்கள் கொஞ்சக் காலம் தங்கிப் பார்ப்பதற்கென்றே பல உள்ளாட்சிகள் வீடுகளை ஒதுக்கி வைத்திருக்கின்றன. உங்கள் ஊரில் அந்த ஏற்பாடு இல்லை என்றால் வாடகை வீடுதான் அந்த ஏற்பாடு.

தனி வீட்டு ஆசை அப்போதும் விடவில்லை என்றால், அதற்கும் தெருவே நல்ல வழி. கிராமத்தில் நல்ல நிலம் விளம்பரத்துக்கு வருவது அபூர்வம், வாய்வழியாகவே கைமாறிவிடும். நான் வெளியூர்க்காரனாக இருந்தபோது எனக்குக் காட்டியதெல்லாம் யாரும் வாங்காமல் கிடந்த மேட்டு நிலம். போன மாதம் எதிர் வீட்டுப் பெரியவர் என்னைக் கூப்பிட்டு, ஊரை ஒட்டி, நல்ல தண்ணீர்க் கிணற்றோடு ஒரு துண்டு நிலம் விலைக்கு வரப்போகிறது, வேறு யார் காதுக்கும் போகுமுன் பார்த்துவிடு என்றார். தெருவிலிருந்து அங்கே நடந்தே போய்விடலாம். நாளைக் காலை நானும் மனைவியும் போய்ப் பார்க்கிறோம்.