மைநேதா: சட்டமன்ற உறுப்பினரின் பொதுவாழ்வை ஆவணங்களின் வழியே படிக்க ஒரு தளம்

தொகுதியில் மூன்று நான்கு முறை வென்ற ஒருவர் எந்த ஆண்டு எந்தச் சின்னத்தில் நின்றார் என்று கேட்டால் ஊரில் பலரும் சொல்லிவிடுவார்கள். முதல் தேர்தலின்போது அவருக்கு எவ்வளவு நிலம் இருந்தது, இன்று எவ்வளவு இருக்கிறது, இடையில் அவர்மீது என்னென்ன வழக்குகள் வந்தன என்பவற்றுக்கு ஆவணத்தோடு விடை தரும் இலவசச் சேவைதான் மைநேதா இணையதளம். அகமதாபாத் இந்திய மேலாண்மைக் கழகப் பேராசிரியர்கள் 1999இல் தொடங்கிய ஜனநாயகச் சீர்திருத்தங்களுக்கான சங்கம் இதை நடத்துகிறது. வேட்பாளர்கள் தங்கள் சொத்து, கடன், கல்வி, குற்றவழக்கு விவரங்களைத் தெரிவிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2002 மே 2 அன்று தீர்ப்பளித்ததற்கும், அதை முடக்க முயன்ற சட்டத்திருத்தம் 2003 மார்ச்சில் செல்லாததானதற்கும் பின்னால் இச்சங்கத்தின் வழக்கு இருக்கிறது என்பதை நன்றியோடு குறிப்பிட வேண்டும்.

ஒருவரின் பக்கத்தைத் திறந்தால், அவர் வேட்புமனுவோடு அளித்த பிரமாணப் பத்திரத்தில் உள்ளபடி வயது, கல்வி, தொழில், நிலுவை வழக்குகளின் சட்டப்பிரிவுகள், அசையும் சொத்து, அசையாச் சொத்து, கடன்கள் ஆகியவை பட்டியலாக விரிகின்றன. வாழ்க்கைத்துணைக்கும் சார்ந்திருப்போருக்கும் தனித்தனிப் பத்திகள் உண்டு. தமிழகத்தைப் பொறுத்தவரை 2006 முதல் நடந்த சட்டமன்றப் பொதுத்தேர்தல்களை வரிசையாக ஒப்பிடலாம் என்பதே இத்தளத்தின் பெரும்பயன். ஆனால் இந்த ஒப்பீட்டைப் பதற்றமின்றிப் படிக்க வேண்டும். சொத்து மதிப்பு ஐந்தாண்டில் இரட்டித்திருப்பதைக் கண்டவுடன் முடிவுக்கு வந்துவிடாமல், நிலம் பரம்பரையாக வந்ததா, விலைக்கு வாங்கப்பட்டதா, வாங்கிய ஆண்டு எது, அன்று கொடுத்த விலை என்ன என்ற பத்திகளைப் பார்ப்பது அவசியம். புறவழிச்சாலை வந்த ஊரில் அதே நிலமே பல மடங்கு மதிப்புப் பெற்றிருக்கலாம். பரப்பளவு கூடியிருந்தால்தான் அது வேறு கேள்வி. வழக்குகளிலும் அப்படியே: அனுமதியின்றி மறியல் செய்ததற்கான வழக்கும் பணமோசடி வழக்கும் எண்ணிக்கையில் ஒன்றாகவே தெரியும் என்பதால், சட்டப்பிரிவைப் படிக்காமல் எண்ணை மட்டும் பகிர்வது அநீதி.

தமிழ்ப் பெயர்களை ஆங்கிலத்தில் எழுதும் முறை தேர்தலுக்குத் தேர்தல் மாறக்கூடும் என்பதாலும், தொகுதி மறுவரையறைக்குப் பிறகு 2011இல் பல தொகுதிகளின் பெயரும் எல்லையும் மாறிவிட்டதாலும், பெயரைத் தட்டச்சு செய்து தேடுவதைவிட மாவட்டம், தொகுதி என்று இறங்கிச் செல்வதே நல்லது. ஐயம் வந்தால் மூலப் பிரமாணப் பத்திரத்தின் படத்தைத் திறந்து பார்த்துவிட வேண்டும்.

பழைய தலைமுறையினரைத் தேடுவோருக்கு இத்தளம் போதாது. அவர்கள் தேர்தல் ஆணையத்தின் புள்ளிவிவர அறிக்கைகளுக்குச் செல்ல வேண்டும். 1957இலும் 1962இலும் சாத்தூரில் வென்ற காமராஜர், 1967இல் விருதுநகரில் 1,285 வாக்குகளில் தோற்றதை அங்கே காணலாம். ஆயினும் பொதுத்தேர்தல் தொகுப்புகளை மட்டும் புரட்டுபவருக்கு, முதலமைச்சரான பின் 1954இல் குடியாத்தம் இடைத்தேர்தலில் அவர் வென்று பேரவைக்குள் நுழைந்தது தட்டுப்படாது.

மைநேதாவில் எனக்குள்ள ஒரே பெருங்குறை, அது பிரமாணப் பத்திரத்தோடு நின்றுவிடுவது. உறுப்பினர் பேரவையில் எழுப்பிய கேள்விகள், மானியக் கோரிக்கை விவாதங்களில் பேசியவை, வகித்த குழுப் பொறுப்புகள் ஆகிய அனைத்தும் பேரவை நடவடிக்கைக் குறிப்புகளில் சிதறிக் கிடக்கின்றன. சொத்தும் வழக்கும் ஒரு மனிதரின் பொதுவாழ்வில் ஒரு பகுதிதான். வாக்காளர் அவரை அனுப்பியது சட்டமியற்றும் பணிக்கு. அந்தக் குறிப்புகளும் இதே பக்கத்தில் தொகுதிவாரியாக இணையும்வரை, இத்தளத்தை வேட்பாளரை அறியும் முதல் வாயிலாகத் தயங்காமல் பரிந்துரைப்பேன். அவரது பணியை அளக்கும் கருவியாக அல்ல.